கையிலே காசு, வாயிலே தோசை

"கையிலே காசு, வாயிலே தோசை" என்பது நம் நாட்டுப் பழமொழி. கடன் சொல்லாமல், கொடுத்தவுடன் பெறும் வாணிகத்தை இது நான்கே சொற்களில் சொல்லிவிடுகிறது. இன்றோ அந்தக் காசு கையை விட்டுக் கைப்பேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. யு.பி.ஐ. முறை 2016-இல் அறிமுகமானது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் அதன் வழியே நடந்தன. தேநீர்க் கடையிலும் பூக்கடையிலும்கூட க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. அப்படியிருந்தும் சிறு வணிகர்கள் ரொக்கத்தை விடாமல் பற்றியிருப்பது ஏன்? தோழியரே, இதைச் சற்று ஆராய்வோம்.

முதற்காரணம், சிறு வணிகத்தின் பணம் ஓரிடத்தில் தங்குவதில்லை. காலையில் கடற்கரையில் மீன் எடுக்கும் ஆச்சி, தெருத்தெருவாக விற்று, பனிக்கட்டிக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்து, மாலைக்குள் முதலைத் திருப்பித் தரவேண்டும். நம் ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றுப் புகழடைந்தது. ஆனால் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுவோர்க்குக் கூலி கையில் வந்தால்தான் அன்று வீட்டில் உலை கொதிக்கும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆச்சியிடம் கைப்பேசி இல்லையென்றால், மகனுடைய எண்ணுக்கே பணம் போகிறது. உழைப்பு அவருடையது, வரவோ பிறர் கணக்கில். சுருக்குப்பையில் இருந்த காசுக்கு அவரே எசமானி. கணக்கில் இருக்கும் காசுக்கு அவர் மகனிடம் கேட்க வேண்டியவராகிறார்.

அப்படியானால் ரொக்கம் மட்டுமே போதுமா? போதாது என்பதை 2016 நவம்பர் 8 காட்டியது. அன்றிரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் அவை ஏறத்தாழ 86 விழுக்காடு. ரொக்கத்தையே நம்பிய சிறு கடைகள் சில்லறையின்றித் திண்டாடின.

கைப்பேசி மட்டுமே போதுமா? அதற்கு விடை 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் கிடைத்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரவருணி கரைபுரண்டது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வட்டாரங்களில் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. வங்கியில் எவ்வளவு இருந்தென்ன? ஒரு மெழுகுவத்தி வாங்கவும் அது உதவவில்லை. அஞ்சறைப் பெட்டியில் அம்மா ஒளித்து வைத்திருந்த பத்தும் இருபதுமே கைகொடுத்தன. பின்னர் அரசும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயை நியாய விலைக் கடைகள் மூலம் ரொக்கமாகவே வழங்கியது.

உலகமும் இதை உணர்ந்து வருகிறது. 1661-இல் ஐரோப்பாவிலேயே முதன்முதலாக வங்கி நோட்டு வெளியிட்ட நாடு சுவீடன். இன்று அங்கே ரொக்கப் புழக்கம் மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் 2024-இல் அந்நாட்டு அரசு வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்கால வழிகாட்டி நூல், வீட்டில் ரொக்கமும் வைத்திருக்கச் சொல்கிறது.

ஆகவே, புதியதை வெறுக்கவும் வேண்டாம்; பழையதைக் கைவிடவும் வேண்டாம். இரண்டு கைகளும் வேண்டும். மாணவியராகிய நாமும் செய்யத்தக்கவை உண்டு. நம் அம்மாவுக்கும் ஆச்சிக்கும் அவரவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, இயக்கவும் கற்றுக்கொடுப்போம். பத்து ரூபாய் நாணயத்தை மறுப்போரிடம், அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே தெளிவுபடுத்தியதை எடுத்துரைப்போம். கூடைக்காரரிடம் வாங்கும்போது சரியான சில்லறையைக் கொடுப்போம். எந்த வழியில் வந்தாலும், உழைத்தவரின் காசு உழைத்தவரின் கையையே சேரட்டும்!