ஆறு ஒன்று, தரப்புகள் பல
ஏலூர் கற்பிக்கும் பாடம்



ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பு நாடுகளும் 2015-ஆம் ஆண்டில் கூடி, 2030-க்குள் எய்த வேண்டிய நிலைத்த வளர்ச்சிக் குறிக்கோள்கள் 17-ஐ வகுத்தன. தூய நீர் ஆறாவது குறிக்கோள். நல்ல வேலை எட்டாவது. பொறுப்புள்ள உற்பத்தி பன்னிரண்டாவது. இவற்றையெல்லாம் நிறைவேற்றும் வழி யாது? பதினேழாவது குறிக்கோள் அதற்கு விடை கூறுகிறது. அரசு, ஆலை, தொழிலாளர், பொதுமக்கள், அறிஞர் ஆகிய பல தரப்பினரும் கூடிச் செயலாற்ற வேண்டும் என்பதே அவ்விடை. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் நடைமுறையில் அது எவ்வாறு இயங்கும்? இதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. களமச்சேரிக்கு அடுத்துள்ள ஏலூரையே நோக்குவோம்.

ஏலூர் பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தீவு. திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் காலத்தில், திருச்சிராப்பள்ளியின் சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943-இல் நிறுவிய உரத் தொழிற்சாலை இங்கே உள்ளது. 1947-இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அருமணல் ஆலையும், 1958-இல் டி.டி.டி. ஆலையும் வந்தன. இன்று ஏலூர், எடயாறு வட்டாரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் உள்ளன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது இவ்வட்டாரம். ஆயினும் குழிக்கண்டம் தோடு என்னும் ஓடையில் நச்சுக் கழிவு தேங்கிற்று; கிணறுகள் கெட்டன. நாட்டின் மிக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளின் பட்டியலில் 2009-இல் கொச்சி வட்டாரமும் இடம்பெற்றது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு வேலை வேண்டும். மீனவருக்கு மீன் வேண்டும். கொச்சி நகருக்குக் குடிநீர் வேண்டும். மூன்றும் நியாயமான கோரிக்கைகளே. ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு செய்தால் மற்றத் தரப்புகள் நலிவுறும் அன்றோ?

அபாயக் கழிவுகளைக் கண்காணிக்க உச்சநீதிமன்றம் 2003-இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் முயற்சியால் 2004-இல் ஏலூர், எடயாறு வட்டாரத்திற்கென உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழு ஒன்று பிறந்தது. அலுவலகத்தில் தீட்டப்படும் அறிக்கையை மட்டும் நம்பாமல், அறிஞர்களும் உள்ளூர் மக்களும் களத்தில் இறங்கிப் பார்க்க வழி ஏற்பட்டது. ஓர் ஆலைக்கு ஒரே கழிவுநீர்க் குழாய் என்ற விதி வலியுறுத்தப்பட்டது. எளிய விதிதான், ஆனால் எவர் எதை ஆற்றில் விடுகிறார் என்பதை ஊரார் கண்ணாலேயே காண இவ்விதி உதவும். இரவில் எந்தக் குழாய் திறக்கிறது என்பதைத் தூரத்து அதிகாரியை விடக் கரையில் குடியிருப்பவர் நன்கு அறிவார். அவரையும் அவையில் அமர்த்துவதன் பயன் இதுவே.

அக்குழு இன்று இல்லை. அதன் குறையை 2024 மே மாதம் உணர்த்தியது. பெரியாற்றில் மீன்கள் பெருந்திரளாக மடிந்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டுகளில் மீன் வளர்த்த எளியோர் ஒரே இரவில் யாவும் இழந்தனர். காரணம் யாது? பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்தபோது நீரில் பிராணவாயு குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் கொல்லும் அளவில் இருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழகம்.

விஞ்ஞான மாணவர் இதைச் சற்று ஆராய வேண்டும். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவையே கரைத்து வைத்திருக்கும். கடல் உப்பு மேலேறிக் குடிநீரைக் கெடுக்காதிருக்க மதகுகளை அடைக்கின்றனர். அடைத்தால் நீர் தேங்கும். தேங்கிய நீரில் கரிமக் கழிவு சேர்ந்தால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது பிராணவாயுவை உண்டுவிடும். பிராணவாயு அற்ற சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும், அம்மோனியாவும் சேரும். ஆகவே இரு அறிக்கைகளும் ஒன்றையொன்று பொய்யாக்க வேண்டியதில்லை. அக்கழிவு எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதே உண்மையான வினா. மதகு நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. ஆலை வாரியத்தின் பொறுப்பு. மீன் வேறொரு துறையின் பொறுப்பு. ஆறோ ஒன்றுதான்!

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் மூன்று.

முதலாவது, அளவையில் உடன்பாடு. எல்லாத் தரப்பினர் முன்னிலையிலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நீர் எடுத்து, அதைப் பகிர்ந்து வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் சோதிக்க வேண்டும். எண்ணில் உடன்பாடு இல்லாத இடத்தில் எதிலும் உடன்பாடு வராது.

இரண்டாவது, ஆசனத்தில் சமத்துவம். ஆலைக்கு வழக்கறிஞரும் நிபுணரும் உண்டு; கூண்டு மீன் வளர்ப்போருக்கு யார் உண்டு? அறிக்கைகள் அவர்தம் தாய்மொழியில் கிடைக்காவிடில், அவர் அவையில் அமர்ந்தும் ஊமையே.

மூன்றாவது, முடிவுக்கு வலிமை. 2004-ஆம் ஆண்டுக் குழுவின் பின்னே உச்சநீதிமன்றம் நின்றது; ஆதலால் அதன் சொல் எடுபட்டது. அதிகாரம் இல்லாத அவை தேநீர் அருந்திக் கலையும். நீதிமன்றத்தின் தயவில் மட்டும் வாழும் அவையோ அத்தயவு நீங்கினால் மறையும். ஆகவே ஆற்றங்கரை அவைக்குச் சட்டத்திலேயே நிலையான இடம் வேண்டும்.

மதுரைக்கும் தேனிக்கும் முல்லைப் பெரியாறு அணை வழியே 1895 முதல் நீர் தரும் ஆறும் இதுவே. ஆதலின் பெரியாறு நமக்கு அயலாறு அன்று.

1992-இல் ரியோ மாநாடு பங்கேற்க வேண்டிய ஒன்பது தரப்புகளைக் குறித்தது. இளைஞர் ஒரு தரப்பு. விஞ்ஞானிகள் மற்றொரு தரப்பு. விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு இரு தரப்பிலும் இடம் உண்டு. நீர் எடுக்கவும், சோதிக்கவும், கண்டதை ஊராருக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவும் நம்மால் இயலும். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர் நம் முன்னோர். வடம் பிடிக்க நம் கைகளும் வேண்டும், தோழர்களே!