அளந்து வைத்த ஒளி

அன்புள்ள மருமகனுக்கு,

சிவகாசி அச்சகத்தில் ஒரு விளக்கொளியில், ஓடும் காகிதம் அப்படியே நிற்பதுபோல் தெரிந்தது என்று எழுதியிருந்தாய். அதை வீட்டில் செய்ய முடியுமா என்றும் கேட்டாய். முடியும், முதலில் கணக்கு.

சுருள் காகிதம் நிமிடத்துக்கு 120 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள். நொடிக்கு 2 மீட்டர். விளக்கு ஒரு மில்லி நொடி எரிந்தால் அதற்குள் காகிதம் 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அச்சு கலங்கித் தெரியும். 50 மைக்ரோ நொடி மட்டும் எரிந்தால் நகர்வு 0.1 மில்லிமீட்டர்தான். உருளை சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் ஒருமுறை ஒளி மின்னினால், நான்கு நிறமும் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

நேரம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். ஆகவே, வழக்கமாக 350 மில்லி ஆம்பியர் வாங்கும் 1 வாட் வெள்ளை எல்.இ.டி.க்கு அந்தக் கணத்தில் மட்டும் 1 ஆம்பியர் கொடுக்கிறோம். அதன் தகவல் தாள் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள். நொடிக்கு 10 முறை மின்னினாலும் எரியும் நேரம் மொத்தம் 500 மைக்ரோ நொடிதான், சூடேற வழியில்லை.

அந்தக் குறுகிய துடிப்பை உண்டாக்க 555 டைமர் ஐ.சி.யை ஒற்றைத் துடிப்பு முறையில் அமை. துடிப்பின் நீளம் 1.1 × மின்தடை × மின்தேக்கி. 4.7 கிலோ ஓமும் 10 நானோ ஃபாரடும் போட்டால் ஏறக்குறைய 52 மைக்ரோ நொடி. எல்.இ.டி.க்கு மின்சாரம் விடும் கதவான மாஸ்ஃபெட்டை அந்தத் துடிப்பு திறக்கும். 12 வோல்ட்டில் எல்.இ.டி.யோடு தொடராக 8.2 ஓம் இருந்தால் மின்னோட்டம் சுமார் 1 ஆம்பியர்.

இனிதான் முக்கியமான பாடம். நம் ஊர்ப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று வரம்பு உண்டு. தவறு நடந்தாலும் சேதம் அந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதற்காகத்தான். உன் மின்சுற்றிலும் அதையே செய். எல்.இ.டி.க்கு 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியிலிருந்து மட்டும் மின்சாரம் போகட்டும். அந்த மின்தேக்கி 100 ஓம், 1 வாட் மின்தடை வழியாக நிரம்பட்டும். மாஸ்ஃபெட் மூடாமல் நின்றுபோனாலும் மின்தேக்கி வடிந்தபின் சுமார் 83 மில்லி ஆம்பியர்தான் ஓடும். விளக்கு பிழைத்துக்கொள்ளும்.

மின்தேக்கி, மாஸ்ஃபெட், எல்.இ.டி. மூன்றையும் நெருக்கமாக வை. 10 சென்டிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 100 நானோ ஹென்றி தூண்டல் உண்டு. 1 ஆம்பியரை 10 நானோ நொடியில் ஏற்ற முயன்றால் அந்தக் கம்பியே 10 வோல்ட்டை விழுங்கிவிடும். 50 மைக்ரோ நொடி வேலையில் இது பெரிதாகத் தெரியாது. நானோ நொடிகளில் மின்னவிடும் லேசர் டையோடில் தெரியும்.

லேசரை இப்போது தொடாதே. எல்.இ.டி.யைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு; அது ஏற நேரம் பிடிக்கும். லேசர் டையோடின் கண்ணாடி போன்ற முகப்போ, அளவு மீறிய ஒளியில் சில நானோ நொடியிலேயே கருகிவிடும். சராசரி மின்னோட்டம் குறைவு என்ற சமாதானம் அங்கே செல்லாது. அதன் ஒளி உன் கண்ணுக்கும் ஆபத்து.

வீட்டு மேசையில், மின்விசிறி இறக்கையில் ஒரு கோடு போட்டுச் சோதித்துப் பார். வலிப்பு வரக்கூடியவர்கள் யாரும் அந்த மின்னும் ஒளியைப் பார்க்கக் கூடாது. ஒன்றை மட்டும் மறக்காதே: அந்த ஒளியில் நிற்பதாகத் தெரியும் இறக்கை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கையை நீட்டாதே.

அன்புடன்,
மாமா