நீக்கியவர் மேல் கோபப்படாதே

அன்புள்ள கயல்,

ஒரு பழைய நடிகர் காலமானார் என்று விக்கிப்பீடியாவில் நீ சேர்த்த வரியை யாரோ தூக்கிவிட்டார் என்று கொதித்துப்போய் எழுதியிருக்கிறாய். அந்தச் செய்தி மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிட்டது. ‘நான் எழுதியது சரிதானே மாமா?’ என்கிறாய். சரிதான். நீக்கியவர் செய்ததும் சரிதான்.

பக்க வரலாற்றைத் திறந்து பார்த்தேன். நீ சான்றாகக் கொடுத்திருந்தது ஒரு யூடியூப் சேனல். உயிரோடிருக்கும் எத்தனை பேர் படத்துக்கு அந்தச் சேனல் மாலை போட்டிருக்கிறது என்று நீயே போய்ப் பார். நீ சேமித்த நேரத்தில் அது செய்தியா வதந்தியா என்று உனக்கே தெரியாது.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ராபர்ட் கென்னடியிடம் வேலை பார்த்தவர். 2005 மே மாதம் யாரோ ஒருவர், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவர்மேல் சந்தேகம் இருந்தது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். சக ஊழியரைக் கலாய்க்கச் செய்த வேலையாம்! நான்கு மாதத்துக்கு மேல் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. சீகன்தாலருக்கு அப்போது 78 வயது. அந்த டிசம்பரில்தான் வாழ்பவர்களைப் பற்றிய கொள்கை அங்கே எழுதப்பட்டது. சர்ச்சைக்குரிய செய்திக்கு உருப்படியான சான்று இல்லையென்றால், பேச்சுப் பக்கத்தில் விவாதித்துக்கொண்டிராமல் உடனே நீக்கலாம். அண்மையில் இறந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

‘பத்திரிகையில் வந்தால் போதுமா?’ என்று கேட்பாய். அதுவும் போதாது. 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் குட்டன்பெர்க் என்ற அரசியல்வாதி அமைச்சராகப் பதவியேற்கவிருந்த நேரம். பிரபு வம்சம், அனுமார் வால்போல நீண்ட பெயர். விக்கிப்பீடியாவில் அதற்கு நடுவில் ‘வில்ஹெல்ம்’ என்று இன்னொரு பெயரை எவரோ செருகினார். பில்ட் நாளிதழ் உட்படப் பல ஊடகங்கள் அதைப் பார்த்து அப்படியே போட்டன. விக்கிப்பீடியாவில் சந்தேகப்பட்டு ஒருவர் சான்று கேட்டபோது, அங்கிருந்தே எடுத்தெழுதிய ஸ்பீகல் இணையதளத்தைச் சான்றாகக் காட்டினார்கள்! அதனால் செய்தி வெளியான தேதியையும், அந்த வரி பக்கத்தில் ஏறிய தேதியையும் ஒப்பிட்டுப் பார். பக்கம் முந்தியிருந்தால் அந்தச் சான்றை நம்பாதே. பத்து பத்திரிகைகள் ஒரே வாசகத்தைப் போட்டிருந்தால், அதைப் பத்து சான்றாக எண்ணாதே.

ஓர் அரசியல்வாதியின் சாதியைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தியக் கட்டுரைகளைத் தொகுப்பவர்கள் பலகாலம் மல்லுக்கட்டி இதற்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: உயிரோடிருப்பவர் தன் வாயால் சொல்லியிருந்தாலொழிய சாதி போடுவதில்லை. பெயரின் வாலையும் பெண் கொடுத்த குடும்பத்தையும் வைத்து ஊகிப்பது அறவே கூடாது. ஊருக்கே தெரியுமே என்பார்கள். தெரிந்துவிட்டுப் போகட்டும், நமக்கு அது சான்றாகாது. முழுப் பிறந்த தேதியும் ஏறக்குறைய இப்படித்தான். பரவலாக வெளிவந்திருந்தால் போடு, இல்லையென்றால் ஆண்டோடு நிறுத்திக்கொள்.

இன்னொன்று, உண்மையென்று நன்றாகத் தெரிந்தும் எழுதக்கூடாதது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிட நம் சட்டம் தடை விதிக்கிறது. கொல்கத்தா மருத்துவமனையில் அப்படிப் பாதிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவரின் பெயரையும் படத்தையும் நீக்கும்படி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விக்கிப்பீடியாவுக்கு உத்தரவிட்டது. சமூக ஊடகங்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த பெயர்தான் அது.

அப்படியொரு பெயர் உன் கண்ணில் பட்டால் பக்கத்திலிருந்து எடுத்துவிடு. ஆனால் பழைய பதிப்பு வரலாற்றில் இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதை மறைக்க நிர்வாகிகளால் முடியும். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் போய் முறையிட்டால் பார்க்காதவர்களும் வந்து பார்ப்பார்கள். நிர்வாகி ஒருவருக்குத் தனியாக மின்னஞ்சல் போடு. நீக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்துவிடாதே, அதுவும் வரலாற்றில் ஏறிவிடும்.

அன்புடன்,
மாமா