முதலில் பேசுகிறவரின் வேலை

கட்டுமானப் பொறியாளர்கள் கூடும் மாநாடுகளில் முதன்மை உரையாற்றப் பல ஊர்களிலிருந்து என்னை அழைத்திருக்கிறார்கள். அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “தலைப்பு உங்க இஷ்டம் சார், முக்கால் மணி நேரம் பேசுங்க.” மரியாதை கருதித்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் நான் உடனே நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிவிடுவேன். எனக்குப் பின் யார் யார் பேசுகிறார்கள், எந்த அமர்வில் என்ன பொருள், அரங்கில் அமரப்போவது ஒப்பந்ததாரர்களா, சைட் இன்ஜினியர்களா, இறுதியாண்டு மாணவர்களா? இதெல்லாம் தெரியாமல் மேடையேறுகிறவர் நல்ல சொற்பொழிவு நிகழ்த்தலாம். மாநாட்டுக்கு அது போதாது.

அமர்வில் பேசுகிறவர் தன் ஆய்வைத் தெளிவாகச் சொன்னால் கடமை முடிந்தது. முதலில் பேசுகிறவருக்கு வேறொரு பொறுப்பு உண்டு. கூடியிருக்கும் அத்தனை பேரும் மாநாடு நடக்கும் நாட்களில் எந்தக் கேள்வியை விவாதிக்க வேண்டும் என்பதை அவர்தான் முன்வைக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் முன்மாதிரி கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட். 1900 ஆகஸ்டில் பாரிஸில் நடந்த உலகக் கணித மாநாட்டில் பேச அவருக்கு அழைப்பு வந்தது. எதைப் பேசுவது என்று நண்பர் மின்கோவ்ஸ்கியிடம் யோசனை கேட்டார். வரும் காலத்தின் சிக்கல்களைப் பற்றிப் பேசு என்றார் நண்பர். முடிவெடுக்கத் தாமதமானதால் தொடக்க அமர்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு கிளை அமர்வில்தான் பேசினார். தீர்வு காணப்படாத 23 கணக்குகளை அவர் தொகுத்திருந்தார், மேடையில் சொன்னதோ பத்துதான். இருந்தும், இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் கணிசமான பகுதி அந்தப் பட்டியலைச் சுற்றி நடந்தது. அடுக்கிச் சொல்ல அவரிடம் சாதனைகள் நிறையவே இருந்தன. அவர் பிறருக்கான வேலையை எடுத்து வைத்தார்.

இன்னொரு முன்மாதிரி இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன். 1959 டிசம்பரில் அவர் கால்டெக்கில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் மிகச் சிறியவற்றை உருவாக்குவது பற்றிப் பேசினார். முடிக்கும்போது ஆயிரம் டாலர் வீதம் இரண்டு பரிசுகளை அறிவித்தார். அவற்றில் ஒன்று மிகச் சிறிய மோட்டாருக்கானது. மறு ஆண்டே ஒரு பொறியாளர் அதைச் செய்துகாட்டிப் பரிசை வாங்கிக்கொண்டார்.

நம் துறைக்கு எது கேள்வி என்பதை அறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. வரப்போகிறவர்களில் நாலைந்து பேரின் தொலைபேசி எண்ணை அமைப்பாளரிடம் வாங்கி அவர்களிடம் பேசுவேன். நீடித்து உழைக்கும் கான்கிரீட் பற்றிய ஒரு மாநாட்டுக்கு முன்பு இப்படித்தான் ஓர் இளம் சைட் இன்ஜினியரிடம் பேசினேன். “க்யூரிங் எத்தனை நாள்னு எல்லாருக்கும் தெரியும் சார். கோடையில லாரித் தண்ணிக்கு யார் காசு குடுக்குறதுன்னுதான் யாரும் எழுதி வைக்கிறதில்ல” என்றார் அந்தப் பெண். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமென்டுக்கு 10 நாளும் க்யூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருத்தல், வேண்டும் என்கிறது. கலப்புச் சிமென்டுக்கு அதை 14 நாளாக நீட்டிப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. அரங்கில் இதை அறியாதவர் இருக்கமாட்டார். அதனால் நான் தயாரித்திருந்த வேதியியல் விளக்கங்களை எடுத்துவிட்டு, தண்ணீருக்கு யார் பணம் தருவது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினேன். மதியம் ஒப்பந்தங்கள் பற்றிப் பேச வந்தவர் அதே கேள்வியைக் கையில் எடுத்தார். எஸ்டிமேட்டில் க்யூரிங்குக்குத் தனி இனம் சேர்ப்பது பற்றி வாக்குவாதமே நடந்தது. ஓர் உரையிலிருந்து நான் எதிர்பார்ப்பது அந்த வாக்குவாதத்தைத்தான்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, மலர் வெளியீடு, பொன்னாடை எல்லாம் முடிந்து மைக் நம்மிடம் வரும்போது முக்கால் மணி நேரம் அரை மணியாகியிருக்கும், சில சமயம் இருபது நிமிடம்தான் மிஞ்சும். ஆகவே கேள்வியை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நேரம் குறைந்தால் எடுத்துக்காட்டுகளைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். ஹில்பர்ட்டே பதின்மூன்று கணக்குகளை விட்டுவிட்டுத்தான் பேசினார். ஸ்லைடில் இருப்பதைப் படித்துக் காட்ட வேண்டாம், அரங்கில் எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

மொழியிலும் தயக்கம் வேண்டாம். நூல்களை ஆங்கிலத்தில் படித்தாலும் சைட்டில் நாம் சண்டை போடுவதும் சமாதானமாவதும் தமிழில்தான். ஷட்டரிங், கவர் பிளாக், க்யூரிங் என்று அவர்கள் சொல்கிறபடியே சொல்லித் தமிழில் பேசினால், பின்வரிசை மாணவரும் எழுந்து கேள்வி கேட்கிறார். எனக்கு மிகவும் பயன்பட்ட கேள்விகள் பின்வரிசையிலிருந்து வந்தவைதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் கருதுவது, பேசி முடித்த பிறகு அங்கேயே இருப்பது. நினைவுப் பரிசை வாங்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டால், நாம் எழுப்பிய கேள்விக்கு வரும் மறுப்புகளைக் கேட்க ஆளிருக்காது. நான் அமர்வுகளில் பார்வையாளராக உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். சாப்பாட்டு வரிசையில் நின்று பேசுவேன். என் எண்ணத்தை மாற்றிய வாதங்கள் பலவும் அந்த வரிசையில் கேட்டவைதான்.

மாநாடு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சாளரை அழைக்கும்போது, மாலை வரை இருக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். முடியாதென்றால் அவரை வாழ்த்துரைக்கு அழையுங்கள். முதன்மை உரையை, அவ்வளவு புகழ் இல்லாவிட்டாலும், நாள் முழுக்க உங்களோடு உட்காரத் தயாராக இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.