பாடம் 7: சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஏற்ற வாகனம்

ஊருக்குத் திரும்பும் குடும்பங்களில் சில, நடக்க முடியாத ஒருவருடன் திரும்புகின்றன. அவர் முள்ளந்தண்டில் காயப்பட்ட மகனாக இருக்கலாம். இரண்டு கால்களையும் இழந்த கணவராக இருக்கலாம். பாரிசவாதம் வந்த தாயாக இருக்கலாம். முகாமில் கிளினிக் கிட்ட இருந்தது. ஊரிலோ வைத்தியசாலையும் சந்தையும் தூரம், பஸ் நிற்கும் சந்தி கூடத் தூரம். கிறவல் வீதியிலும் மணல் ஒழுங்கையிலும் சக்கர நாற்காலி அதிக தூரம் போகாது.

அதனால் பல குடும்பங்கள் முதலில் வாகனம் வாங்கிவிட்டு, பிறகுதான் அவரை அதில் ஏற்ற முடியுமா என்று பார்க்கின்றன. இந்தப் பாடம் சொல்வது அதற்கு மறுதலையான ஒழுங்கை: முதலில் ஆள், பிறகு நாற்காலி, பிறகு பாதை, கடைசியில் வாகனம். அவரைத் தூக்கி, இருத்தி, கூட்டிச் செல்லும் உங்களுக்காகவே இது எழுதப்பட்டுள்ளது.

1. முதலில் அவரைக் கேளுங்கள்

"எங்கெங்கே போக விரும்புகிறீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள். கிளினிக்குக்கு மாதத்தில் ஒரு நாள்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் அவர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ, பிள்ளையின் பாடசாலைக்கோ, தன் வயலைப் பார்க்கவோ, செத்த வீட்டுக்கோ போக விரும்பலாம். சொல்லத் தயங்குவார். "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்பார். விடாமல் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே தூரத்தையும், மாதத்தில் எத்தனை தரம் என்பதையும் குறியுங்கள்.

ஊருக்குள்ளேயே போகும் இடங்கள்தான் அதிகம் என்றால், இயந்திர வாகனம் தேவைப்படாமலும் இருக்கலாம். கைகளில் பலம் உள்ளவருக்கு, கையால் சுற்றி ஓட்டும் முச்சக்கர சைக்கிள் போதும். யாரையும் எதிர்பாராமல் அவர் தானே போய் வருவார். தூர இடங்களுக்கு மட்டும் வாடகை வாகனம் பிடிக்கலாம்.

2. அளவு நாடாவை எடுங்கள்

மூன்று அளவுகளை எடுத்து எழுதி வைத்திருங்கள்.

• நாற்காலியின் அகலம். பெரியவர்களின் நாற்காலி, கைச்சில்லையும் சேர்த்து, பெரும்பாலும் 24 முதல் 27 அங்குலம் வரும். மடித்தால் 12 அங்குலம் அளவில் வரும். மடியாத நாற்காலி என்றால் பின்சில்லுகள் கழருமா என்று பாருங்கள்.
• அவர் நாற்காலியில் இருக்கும்போது நிலத்திலிருந்து உச்சந்தலை வரையான உயரம். வாகனக் கதவின் உயரம் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.
• கால் வைக்கும் தட்டின் நுனியிலிருந்து பின்சில்லின் கடைசி வரையான நீளம்.

அடுத்தது பாதை. வீட்டுப் படியிலிருந்து படலை வரை, படலையிலிருந்து வீதி வரை நடந்து பாருங்கள். வாகனம் வளவுக்குள் வருமா? மாரியில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா? வாசலில் சாய்தளம் போடுவதானால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி போதும்.

3. எந்த வாகனம்?

ஓட்டோ: நம் பகுதிகளில் இலகுவாகக் கிடைப்பது இதுதான். ஆனால் சாதாரண ஓட்டோவில் நாற்காலியோடு ஏற முடியாது. அவர் நாற்காலியிலிருந்து ஓட்டோ இருக்கைக்கு மாற வேண்டும், நாற்காலியை மடித்துக் கட்ட வேண்டும். எனவே இருப்பில் நிமிர்ந்து இருக்கக்கூடியவருக்கே இது பொருந்தும். இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். ஓட்டோவின் இயந்திரம் பின்பக்கம் இருப்பதால் நீண்ட ஓட்டத்தில் அங்கே சூடேறும். கால்களில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் நீங்கள் காண்பீர்கள்.

வான்: நடு இருக்கைகளைக் கழற்றிவிட்டு நாற்காலியோடு ஏற்றலாம். கூரை உயரமும் கதவு உயரமும் வேறுவேறு என்பதை மறக்க வேண்டாம். உள்ளே நிமிர்ந்து இருக்க முடிந்தாலும் கதவில் தலை இடிக்கலாம். விலை பேசுவதற்கு முன் அவரையும் நாற்காலியையும் கொண்டுபோய் ஏற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

பட்டா போன்ற சிறிய லொறி, லான்ட்மாஸ்டர் பெட்டி: இவை சாமான் ஏற்றுவதற்கானவை. பெட்டி உயரமானது, துள்ளும், வளைவில் சரியும். வேறு வழியே இல்லாத அவசரத்தில் இவற்றில் போக நேர்ந்தால், அவரை நாற்காலியில் உயரமாக இருத்த வேண்டாம். தடித்த மெத்தையைப் பெட்டியின் முன்பலகையோடு சேர்த்துப் போட்டு, முதுகு அதில் சாயும்படி தாழ்வாக இருத்துங்கள். ஒருவர் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்ளட்டும். வண்டி மெதுவாகப் போகட்டும்.

அவரே ஓட்டுவது: ஓட்டோவில் கிளச், கியர், வேகம் எல்லாம் கையில்தான். பிரேக் மட்டுமே காலில். பிரேக்கைக் கைக்கு மாற்றினால் கால் இல்லாதவரும் ஓட்டக்கூடும். பக்கச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டரும் இன்னொரு வழி. ஆனால் பட்டறைக்குப் போவதற்கு முன், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பற்றியும், காப்புறுதி நிறுவனத்தில் காப்புறுதி பற்றியும் கேட்டறியுங்கள். அனுமதியில்லாமல் மாற்றிய வாகனம் விபத்தில் சிக்கினால் நட்டம் உங்களுடையது.

4. காசுக் கணக்கு

முதலாம் பகுதியில் எழுதிய தாளை எடுங்கள். உதாரணத்துக்கு மட்டும்: மாதம் 5 பயணம், ஒரு பயணத்துக்கு வாடகை 1,500 ரூபா என்றால் மாதச் செலவு 7,500 ரூபா. லீசிங் தவணை 12,000 ரூபா என்றால், அதற்கு மேல் எரிபொருள், காப்புறுதி, டயர், பழுதுபார்ப்பு எல்லாம் வரும். அந்த வாகனம் உழைக்காவிட்டால் ஒவ்வொரு மாதமும் கடன்தான். தவணை தவறினால் வாகனத்தைக் கொண்டுபோவார்கள். கட்டிய காசும் போகும்.

விளங்காத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். கேட்க வேண்டியவை: மொத்தம் எவ்வளவு கட்டி முடிக்க வேண்டும்? தவணை பிந்தினால் என்ன தண்டம்? எத்தனை தவணை தவறினால் வாகனத்தை எடுப்பார்கள்? யார் பிணை?

வாடகைக்குப் போவதென்றால் ஒரே சாரதியை ஒழுங்காகப் பிடியுங்கள். அவருக்கு ஏற்றி இறக்கும் முறை பழகிவிடும். உங்களைப் போன்ற இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே கிளினிக் நாளுக்குச் சேர்ந்து வான் பிடித்தால் செலவும் பிரியும்.

5. ஏற்றுவதும் இறக்குவதும்

உங்கள் முதுகு உடைந்தால் வீட்டில் இரண்டு பேர் படுக்கையில். ஆகவே தூக்குவதை முடிந்தவரை குறையுங்கள்.

அ. நாற்காலியை இருக்கைக்குப் பக்கத்தில் சற்றுச் சரிவாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் பூட்டுங்கள். கால் தட்டை விலக்குங்கள். கைப்பிடி கழருமானால் கழற்றுங்கள்.
ஆ. இரண்டரை அடி நீளமான, நன்றாகச் சீவி வழுவழுப்பாக்கிய பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்வியுங்கள். அதை நாற்காலிக்கும் இருக்கைக்கும் பாலமாக வைத்து, அவர் கையூன்றிச் சிறிது சிறிதாக நகரட்டும். தோலை இழுத்து உரசக்கூடாது.
இ. தூக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்குங்கள். ஒருவர் பின்னாலிருந்து உடம்பை அணைத்துப் பிடிக்க, மற்றவர் தொடைகளின் கீழ் பிடிக்க வேண்டும். முழங்காலை மடியுங்கள், இடுப்பைத் திருக வேண்டாம். பாரிசவாதம் வந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்க வேண்டாம். தோள்மூட்டு விலகும்.
ஈ. வானில் பலகை வைத்துத் தள்ளி ஏற்றும்போது, ஒரு அடி உயரத்துக்கு ஆறு அடிக்குக் குறையாத பலகை வேண்டும். ஒருவர் பின்னால் தள்ள, ஒருவர் முன்னால் பிடிக்கட்டும். வாகனத்தைப் பள்ளத்திலும் பலகையின் அடியை மேட்டிலும் வைத்தால் உயரம் குறையும். இறக்கும்போது நாற்காலி பின்பக்கமாக இறங்க வேண்டும்.

6. ஓடும்போது

• நாற்காலி முன்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைக்க வேண்டாம்.
• நாற்காலியின் பிரேக் மட்டும் போதாது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டிகளால் வாகனத் தளத்தின் வளையங்களோடு கட்டுங்கள். நாற்காலியின் சட்டத்தில் கட்டுங்கள், சில்லில் அல்ல. வளையங்கள் வாகனத்தின் இரும்புச் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.
• நாற்காலியைக் கட்டுவது வேறு, ஆளைக் கட்டுவது வேறு. அவருக்குத் தனிப் பட்டி வேண்டும்.
• நாற்காலி மெத்தையை வீட்டில் விட்டுவிட வேண்டாம். ஓட்டோவிலும் அதன் மேலேயே இருத்துங்கள். உணர்ச்சி இல்லாதவர் 20 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது கையூன்றி உடலை உயர்த்தவோ, பக்கம் சாயவோ வேண்டும். முடியாதவருக்கு நீங்கள் உதவுங்கள். வீடு வந்ததும் இருப்பு, இடுப்பு, குதிக்கால்களைப் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, படுக்கைப் புண்ணின் தொடக்கம்.
• புறப்படுமுன் சிறுநீர்ப் பையை வெறுமையாக்கி, குழாய் மடியாமல் பாருங்கள். கழுத்திலோ மேல் முதுகிலோ காயப்பட்டவருக்குத் திடீரெனக் கடும் தலையிடியும் முகத்தில் வியர்வையும் வந்தால் வாகனத்தை நிறுத்துங்கள். அவரை நிமிர்த்தி இருத்தி, குழாயைச் சரிசெய்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். குறையாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இது உயிராபத்து.
• ஏற்றவோ இறக்கவோ வசதியான இடம் தேடி வீதியை விட்டு விலக வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒரு அடியும் வைக்க வேண்டாம். பலர் நடந்து பழகிய இடத்திலேயே நிறுத்துங்கள்.

7. வாகனம் வீட்டுக்கு வந்த பிறகு

பல வீடுகளில் உழைப்புக்கும் அவருக்கும் ஒரே ஓட்டோதான். அது காலையில் வாடகைக்குப் போனால் இரவுதான் வரும். அவருக்காக வாங்கிய வாகனம் ஓட, அவர் திண்ணையில் இருப்பார். இதில் யாருடைய குற்றமும் இல்லை, உழைக்காவிட்டால் அடுப்பு எரியாது. ஆனாலும் முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் மனக்கசப்பு வளரும். கிழமையில் ஒரு நாளோ, ஒரு பின்னேரமோ அவருடையது என்று குடும்பமாகத் தீர்மானித்து நாட்காட்டியில் குறியுங்கள். அந்த நேரத்தில் எங்கே போவது என்பதை அவரே சொல்லட்டும்.

உங்களுக்கும் அதே நியாயம்தான். ஏற்றி இறக்கும் முறையை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் அயலவர் ஒருவருக்கும் பழக்குங்கள். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவருடைய கிளினிக் தவறக்கூடாது.

8. போய்ச் சேருமிடம்

வாகனம் வாசல் வரைதான் கொண்டுபோகும். மாற்றுவலுவுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொதுக் கட்டிடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. உங்கள் பிரதேசத்தின் அலுவலகத்திலோ வைத்தியசாலையிலோ பாடசாலையிலோ சாய்தளம் இல்லாவிட்டால், கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் எழுத்தில் கேளுங்கள். புதிய கட்டிடங்கள் எழும்பும் இந்த நேரத்தில் கேட்பது இலகு. உதவித்தொகை, நாற்காலி, பழுதுபார்ப்பு பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியவை

1. அவர் போக விரும்பும் இடங்களின் பட்டியலை அவரோடு இருந்து எழுதுங்கள்.
2. மூன்று அளவுகளையும் எடுத்து அந்தத் தாளின் பின்பக்கத்தில் குறியுங்கள்.
3. வாடகைக் கணக்கையும் தவணைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.
4. அயலிலுள்ள ஓட்டோ ஒன்றைக் கேட்டு, ஓடாமல் நிற்கும்போதே மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பழகுங்கள்.
5. பட்டியலில் மிகக் கிட்டிய இடத்துக்கு முதலில் போய் வாருங்கள். அது கிளினிக்காக இல்லாமல், அவருக்குப் பிடித்த இடமாக இருக்கட்டும்.