பலம் ஓர் அமானிதம்: ஊசி தரும் உடற்கட்டு பற்றி ஒரு பாடம்



ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்களான திருப்பத்தூர், ஆலங்காயம், வாணியம்பாடி, போளூர் பக்கம் நம் பிள்ளைகள் பலர் ஜிம்முக்குப் போகிறார்கள். அது நல்ல பழக்கம்தான். பலமுள்ள முஃமின், பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர். எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆனால் மூன்றே மாதத்தில் போஸ்டரில் உள்ளவரைப் போல ஆகிவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டால், ஊசியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. அதைப் பற்றியே இம்மாதப் பாடம்.

ஸ்டீராய்டு என்றால் என்ன?

ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்வோம். ஆஸ்துமா, மூட்டு அழற்சி போன்றவற்றுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. அதை உட்கொள்பவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஜிம்களில் கைமாறுவது அனபாலிக் ஸ்டீராய்டு. இது ஆண்களுக்குரிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் செயற்கை வடிவம். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவிந்ததும், இனித் தேவையில்லை என்று மூளை சுரப்பை நிறுத்திவிடுகிறது. விதைப்பை சுருங்குகிறது, விந்தணு குறைகிறது, குழந்தைப் பேறு தள்ளிப்போகலாம், கிடைக்காமலும் போகலாம். ஆணுக்கு மார்பகம் வளரலாம். நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு கூடும். இரத்த அழுத்தம் ஏறும். இதயத் தசை தடிக்கும். மாரடைப்புக்கு இதுவே வழி. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் கெடும். வளரும் வயதுப் பையன்களுக்கு எலும்பு முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலை வைரஸும் தொற்றும். ஆண்மையின் அடையாளமாக நினைத்து வாங்கியது ஆண்மையையே குறைக்கிறது.

அறுவை சிகிச்சையின்போது இறங்கிவிடும் இரத்த அழுத்தத்தை உயர்த்தப் பயன்படும் மெஃபென்டெர்மைன் ஊசியையும் சிலர் பயிற்சிக்கு முன் போட்டுக்கொள்கிறார்கள். அது தசை வளர்க்கும் மருந்தே அல்ல. இதயத்தை விரட்டும் மருந்து.

களத்திலிருந்து இரு படிப்பினைகள்

1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடி உலகையே வியக்க வைத்தார். ஸ்டானசோலோல் என்ற ஸ்டீராய்டு பரிசோதனையில் தெரிந்ததும், மூன்றே நாளில் தங்கம் பறிபோனது.

நம் மாநிலத்திலும் ஒரு துயரம் உண்டு. திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். தமிழகமே கொண்டாடியது. பிறகு பரிசோதனையில் நான்ட்ரோலோன் தெரிந்ததால் நான்கு ஆண்டு தடை வந்தது, பதக்கமும் போனது. தாம் தடை செய்யப்பட்ட எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். அவர் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் விளையாட்டு விதி உடலில் இருப்பதைத்தான் பார்க்கிறது. பெயர் தெரியாத பொடியையும் மாத்திரையையும் யாரோ கொடுத்தார் என்று வாங்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பலம் எதற்காக?

மத்யன் ஊரின் கிணற்றடியில் தண்ணீருக்காக ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு மூஸா (அலை) நீர் இறைத்துக் கொடுத்தார்கள். அவர் பலமுள்ளவர், நம்பிக்கைக்குரியவர் என்று அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் சொன்னதை சூரா அல்கஸஸ் எடுத்துரைக்கிறது. பலமும் நம்பிக்கையும் அங்கே சேர்ந்தே வருகின்றன. மல்யுத்தத்தில் வீழ்த்துபவர் அல்ல, கோபத்தில் தன்னை அடக்கிக்கொள்பவரே வீரர் என்பது நபிமொழியின் கருத்து. அனபாலிக் ஸ்டீராய்டோ கோபத்தைத் தூண்டிவிடக் கூடியது.

நம் மலையைப் பாருங்கள். சாலை எட்டாத ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்குகிறார்கள். 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. வண்டி போக வழியில்லாததால், அந்த உடலைத் தாயே பல கிலோமீட்டர் சுமந்து நடந்தார். அங்கே தேவைப்பட்டது டோலி தூக்கும் தோள்களும், சாலை கேட்டு நிற்கும் மனங்களும். நம் பிள்ளைகள் வளர்க்கும் பலம் அப்படிப்பட்ட பாரத்தைத் தாங்க உதவட்டும்.

செய்ய வேண்டியவை

முட்டை, பருப்பு, மீன், இறைச்சி, சாமைச் சோறு, நல்ல தூக்கம், பொறுமையான பயிற்சி: இவை போதும். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நிறுத்தும்போது மனச்சோர்வு வரக்கூடும். அரசு மருத்துவமனையில் உள்ளதை உள்ளபடி சொல்லி ஆலோசனை பெறுங்கள். பெற்றோர் திட்டுவதற்கு முன் விசாரியுங்கள்.

சிந்திக்க:
1. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்ற நபிமொழிக்கு நாம் தரும் பதில் என்ன?
2. நம் பலத்தால் இம்மாதம் யாருடைய சுமை குறைந்தது?
3. நம் மஹல்லா இளைஞர்கள் மனம்விட்டுப் பேச ஒரு பெரியவர் இருக்கிறாரா?

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் உள்ள உறுதியையும் தருவானாக. ஆமீன்.