சரக்கைப் படம் எடுக்க ஒரு கேமரா: எதில் சிக்கனம், எதில் கவனம்?



ஜவுளிக்காரன் கேமராவைப் பற்றி எழுதுவதா என்று சிலர் எண்ணலாம். காந்திபுரத்தில் சுமார் நாற்பது ஆண்டுகளாகச் சேலை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். போட்டோ பிடிக்கும் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு உடுமலை, தாராபுரம், பாலக்காடு என்று லைனுக்குப் போன காலம் குறைந்து, இன்று படம் போகிறது, ஆர்டர் வருகிறது. படம் சரியில்லை என்றால் சரக்கும் திரும்பி வருகிறது.

2019 தீபாவளி சீசனில் எனக்கு அப்படி ஒரு பேல் திரும்பி வந்தது. வெங்காயத் தோல் நிறத்தில் 150 சேலை. கடைப் பையன் டியூப் லைட்டுக்கு அடியில் செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்து வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் ஆர்டர் கொடுத்தார். சரக்கைப் பிரித்தவுடன் போன் வந்தது. "அண்ணா, படத்துல ஒண்ணு, பேல்ல ஒண்ணா இருக்குதுங்களே?" என்றார். அவர் பேரில் குற்றமில்லை. போகவர லாரி வாடகை என் தலையில். சீசன் முடிந்தபின் அதில் பாதியைக் குறைந்த விலைக்குத்தான் தள்ள முடிந்தது. அதற்குப் பிறகே கேமராவைப் பற்றி நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதிலும் ஒருமுறை ஏமாந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தினசரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் போடுகிறவருக்கு நல்ல செல்போனே போதும். சேலை, சட்டைத் துணி, நகை, எவர்சில்வர் பாத்திரம் என்று நிறமும் நுணுக்கமும் பார்த்து வாங்கும் சரக்கை மாதாமாதம் நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டியவருக்குத்தான் தனிக் கேமரா. டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸை மாற்றி மாட்டும் கேமரா. கேனன், நிக்கான் ஆகிய இரு கம்பெனிகளும் 2018-ல் பெரிய சென்சார் வைத்த, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வரிசையைத் தொடங்கின. 2020-க்குப் பிறகு இரண்டுமே புதிதாக டிஎஸ்எல்ஆர் மாடல் விடவில்லை. நம் பாஷையில் சொன்னால் லைன் நின்ற சரக்கு. கல்யாணம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய பாடிகள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. பிற்பாடு நல்ல விலைக்கு விற்கலாம் என்று வாங்கக் கூடாது. ஐந்தாறு வருடம் உழைக்க வைக்கலாம் என்று வாங்கினால் லாபம்.

நடுத்தர வரிசையில் பார்க்க வேண்டியவை நிக்கானில் டி7200 (2015), டி7500 (2017). கேனனில் 80டி (2016), 90டி (2019). கடையில் கேட்டால் மெகாபிக்சலைத்தான் முதலில் சொல்வார்கள். 24 மெகாபிக்சல் என்றால் 2.4 கோடிப் புள்ளி. ஏ4 அளவில் கேட்லாக்கை நல்ல தரத்தில் அச்சடிக்கவே சுமார் 87 லட்சம் புள்ளி போதும். வாட்ஸ்அப்போ படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. டி7200-ல் 24.2 மெகாபிக்சல், அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த டி7500-ல் 20.9தான். கம்பெனியே குறைத்திருக்கிறது என்றால் நாம் ஏன் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்?

ரூ.50,000 ஒதுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாடிக்கு அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதியில் லென்ஸ், ஸ்டாண்ட், இரண்டு விளக்கு. பாடி பழசாகும், லென்ஸைப் பாதுகாத்து வைத்தால் அடுத்த பாடிக்கும் ஆகும்.

லென்ஸ் வாங்கப் போகுமுன் கடையின் உள்ளறையை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. "50 மி.மீ., எஃப் 1.8 வாங்குங்க, விலை குறைவு, படம் அருமை" என்று எல்லோரும் சொல்வார்கள். படம் அருமைதான். ஆனால் மேலே சொன்ன பாடிகளில் சென்சார் சிறியது. அதனால் பொம்மைக்குக் கட்டிய ஆறடிச் சேலை முழுதும் விழ 50 மி.மீ. லென்ஸுக்கு 14, 15 அடியாவது பின்னால் போக வேண்டும். கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் பத்தடி அகலக் கடை வைத்திருக்கிறவர் நடுரோட்டில் நின்றுதான் எடுக்க வேண்டும்! 35 மி.மீ. என்றால் பத்துப் பதினோரு அடி, 24 மி.மீ. என்றால் ஏழெட்டு அடி போதும். அதற்கும் கீழே அகல லென்ஸுக்குப் போனால் ஓரம் இழுபட்டு, பார்டர் தலையில் ஒரு அளவும் காலில் ஒரு அளவுமாகத் தெரியும்.

எஃப் என்ற எண் லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதைக் காட்டும். எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம், லென்ஸின் விலையும் அதிகம். மண்டபத்தில் ஆள் அசையும்போது எடுக்கிறவருக்கு அது வேண்டும். நம் சேலை அசையாது. ஸ்டாண்டில் வைத்து எஃப் 8-ல் எடுத்தால்தான் முந்தியும் கொசுவமும் ஒரே சீராகத் தெளிவாக விழும். ஆகவே, எஃப் 2.8 பெரிய ஜூம் லென்ஸுக்குப் பணம் போடுவது நமக்கு வீண். பாடியுடன் வரும் 18-55 லென்ஸே எஃப் 8-ல் நன்றாக எடுக்கும்.

நான் சிபாரிசு செய்வது மேக்ரோ லென்ஸ் ஒன்று. நிக்கானில் 40 மி.மீ. (2011), கேனனில் 35 மி.மீ. (2017). முழுச் சேலையையும் எடுக்கலாம், பக்கத்தில் போய் ஜரிகையையும் எடுக்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நெகமம் காட்டன் சேலையை வாங்குகிறவர் நெசவைப் பார்த்துத்தானே விலை கொடுக்கிறார்! கேனனின் அந்த லென்ஸில் முன்பக்கத்திலேயே சிறு விளக்கும் உண்டு.

நிக்கானில் ஒரு எச்சரிக்கை. 'டி' என்று முடியும் பழைய லென்ஸுகளுக்குள் மோட்டார் இல்லை. டி7200, டி7500 பாடியில் மோட்டார் இருப்பதால் அவை தானாகவே ஃபோகஸ் ஆகும். டி3500, டி5600 போன்றவற்றில் கையால்தான் திருப்ப வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, லென்ஸ் ரிப்பேர் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. கேனன் இ.எஃப். லென்ஸுகளில் இந்தத் தொல்லை இல்லை. பிற்காலத்தில் கேனன் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு அதே லென்ஸுகளைப் பயன்படுத்தலாம்.

நிறத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெளிச்சம்தான். வாசல் வெயிலும் டியூப் லைட்டும் கலந்தால் எந்தக் கேமராவும் திணறும். ஒன்றை அடைத்துவிடுங்கள். சி.ஆர்.ஐ. 95-க்குக் குறையாத எல்.இ.டி. விளக்கு இரண்டு வாங்கி இரு பக்கமும் வையுங்கள். சாம்பல் நிற அட்டை ஒன்றை அந்த வெளிச்சத்திலேயே படம் எடுத்து, கேமராவில் வொயிட் பேலன்ஸைச் செட் செய்துகொண்டால் அரக்கு அரக்காகவே வரும். மயில் கழுத்து நிறம் மட்டும் தனி. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் பார்க்கும் பக்கத்துக்கு ஒன்றாகத் தெரியும். அதற்கு இரண்டு பக்கமிருந்தும் படம் எடுத்து அனுப்பி, நிறத்தின் பெயரையும் எழுதிவிடுவது நல்லது.

நான் ஏமாந்தது இதில்தான். முதல் கேமரா வாங்கும்போது, சலுகை என்று இரட்டை லென்ஸ் செட்டாக வாங்கினேன். தூரத்தில் இருப்பதை எடுக்கும் 70-300 லென்ஸ் நமக்கு எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. லெதர் பையோடு பீரோவில் வைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம். இப்போது இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன்.

புதிதாக வாங்கினால் பில்லில் கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும். டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதம் ஆனது. வியாபாரத்துக்கு என்றால் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். அப்படி எடுத்த வரித் தொகையின் மீது தேய்மானம் போட முடியாது. தனி நபரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் வரவு எதுவும் கிடையாது. அதையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.

செகண்ட் ஹேண்ட் பாடியில் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். நிக்கானில் எடுத்த படத்தின் ஃபைலிலேயே அந்த எண் பதிவாகும், கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கம்பெனிக் கணக்கு 80டி-க்கு 1 லட்சம், 90டி-க்கு 1.2 லட்சம், டி7200, டி7500 இரண்டுக்கும் 1.5 லட்சம். கல்யாண சீசன் பார்த்த கேமராவில் பெரும்பகுதி ஓடியிருக்கும். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். பூஞ்சணம் இருந்தால் தெரிந்துவிடும். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். கடைசியாக, போகும்போது உங்கள் சரக்கில் நிறம் ஏமாற்றும் சேலை ஒன்றை மடித்துக் கையோடு கொண்டு போங்கள். அங்கேயே படம் எடுத்து, வாசல் வெளிச்சத்தில் சேலையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் பணத்தை எண்ணுங்கள்.